மிகாமல்

நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்
என்று போட்டிருந்தது
கோத்தகிரி நூலகத்து அறிவிப்புப் பலகையில்.
தலைப்பு கணக்கில் சேராதாம்,
சாப்பாட்டுக்கு ஊறுகாய் இலவசம் என்பதுபோல.

துணைமின் நிலையத்தில் எனக்கு ராத்திரி ஷிஃப்ட்.
பதிவேட்டில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
கட்டைவிரல் அகலம்.
அதற்குள் பதினோரு வருஷமாக எழுதிவருகிறேன்:
மரம் விழுந்தது. சரிசெய்யப்பட்டது.
குரங்கு. சரிசெய்யப்பட்டது.
யார் ஏறியது, எந்தக் கம்பத்தில், என்ன காற்றில்,
குரங்கு என்ன ஆனது,
எல்லாவற்றையும் அந்தப் 'பட்டது' விழுங்கிவிடும்.
இப்படிப் பழகிய கைக்கு
நூற்றைம்பது தாராளம் என்று நினைத்தேன்.

முதல் பிரதி நானூற்றுப் பன்னிரண்டு.

கதை இவ்வளவுதான்:
சோலூர்மட்டம் ஃபீடர் விழும் இரவுகளில்
ஒருவர் ஃபோன் செய்வார்.
கரண்ட் எப்போ வரும் என்று கேட்கமாட்டார்.
"ஆள் இருக்கீங்களா?" என்பார்.
இருக்கேன் என்பேன்.
"சரி." வைத்துவிடுவார்.

முதலில் பனிமூட்டத்தை எடுத்தேன்.
இந்த மலையில் எழுதுகிற எல்லோரும்
முதல் வரியிலேயே அதை இறக்கிவிடுகிறார்கள்,
அப்புறம் கதைக்கு வழி தெரிவதில்லை.
பிறகு மழை. மழையில்லாமலா மரம் சாயும்,
படிப்பவருக்குத் தெரியாதா.
கற்பூர மரத்தை வெறும் மரமாக்கினேன்.
வயர்மேன் போஜனைத் தூக்கத்தான் மனசு வரவில்லை.
ஒன்றரை மணி நேரம் கம்பத்தில் தொங்கிவிட்டு
இறங்கி வந்து என் ஃப்ளாஸ்க்கைக் காலிசெய்து
"அக்கா, காலு எங்க இருக்குன்னே தெரியல"
என்று சிரித்தவன்.
முப்பத்தொரு சொல்.
போனான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

நூற்றெழுபதில் நின்றுவிட்டது,
நடுரோட்டில் காட்டெருமை நிற்பதுபோல.
ஹாரன் அடிப்பதில் பயனில்லை,
எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

அப்போதுதான் தமிழ் கைகொடுத்தது.
வந்து கொண்டு இருந்தது: மூன்று.
வந்துகொண்டிருந்தது: ஒன்று.
அறுந்த கம்பிக்கு ஜம்பர் போடுகிற மாதிரி
நடுவில் ஒரு க், ஒரு ப் வைத்து முறுக்கினால்
இரண்டு சொல் ஒன்றாகி
கரண்டும் போகிறது.
ஒற்று எங்கே மிகும் எங்கே மிகாது என்று
எட்டாம் வகுப்பில் அடிவாங்கிப் படித்தது
நாற்பத்து மூன்றில் பலன் தருகிறது.
திருட்டு என்றால் திருட்டுத்தான்.
எங்கள் இலாகாவில் இதற்குப் பெயர்
கொக்கி போடுவது.

நூற்றைம்பத்தொன்று.

அந்த ஒன்றை மூன்று ராத்திரி தேடினேன்.
'சரி'யை எடுத்தால் கதை செத்துப்போகும்.
'இருக்கேன்' எடுத்தால் நான்.
கடைசியில் அகப்பட்டது: தேவசகாயம்.
குரலுக்குப் பொருத்தமாக
நானே அவருக்குச் சூட்டிய பெயர்.
அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன்.
ஒன்றும் குறையவில்லை.
'கேட்டார்' என்பதன் கடைசி ஆரில்
ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்,
எப்போதும்போல முகமில்லாமல்.

உறையிலிட்டு, ஸ்டாம்பு ஒட்டி,
காலை ஏழேகால் பஸ்ஸுக்குப் போகிற வழியில்
பெட்டியில் போட்டேன்.

வியாழக்கிழமை ஃபீடர் விழுந்தது.
பன்னிரண்டு பத்துக்கு மணி அடித்தது.
"ஆள் இருக்கீங்களா?"

இருக்கேன். உங்க பேர் என்னங்க?

மறுமுனையில் சத்தமேயில்லை.
லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.
பிறகு சொன்னார், இனிஷியலோடு,
ரேஷன் கடையில் சொல்வதுபோல.
"ஏம்மா, எழுதிக்கப் போறீங்களா?"

விடிகிற நேரத்தில் போஜன் வந்தான், முழங்கால்வரை சேறு.
பதிவேட்டை இழுத்தேன்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை,
கோட்டைத் தாண்டி அடுத்த தேதிக்குள் போனது என் கையெழுத்து:

மரம். போஜன் ஏறினார். 4.50க்குச் சரி.
ம. ஞானாபரணம் அவர்களுக்கு
நானே ஃபோன் செய்து சொன்னேன்.